கடலோரக் கருவாட்டுக்கு ஒரு சோலார் டிரையர்: பொறியியல் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிராமத்துக்கு என்று மாணவர்கள் செய்து கொடுக்கும் கருவிகளில் பெரும்பாலானவை தொழில்நுட்பக் கோளாறால் சாவதில்லை. ஒரு ஃபேன் நின்றுபோகிறது, ஒரு ஷீட் கிழிகிறது, மாற்றுப் பொருள் பக்கத்து ஊரில் கிடைப்பதில்லை, செய்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி, நாம் கிளம்பிய பிறகு யார், எதை, எந்தக் கடையில் வாங்கி மாட்டுவார்கள் என்ற கேள்வியை வரைபடத்துக்கு முன்னால் வைக்கிறது.

எடுத்துக்கொள்ளும் கருவி, நெத்திலி காயவைக்கும் பெண்கள் குழுவுக்கு ஒரு தடவைக்கு 20 கிலோ பச்சை மீன் கொள்ளும் சூரிய உலர்த்தி. நாகப்பட்டினம் முதல் தூத்துக்குடி வரை மணலில் வலை விரித்து மீன் காயவைக்கும் இடங்களை மனதில் வைத்து எழுதியது. கணக்கு முறை மிளகாய்க்கும் முருங்கை இலைக்கும் பொருந்தும், எண்கள் மாறும்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் எட்டாம் செமஸ்டரில் வருகிறது. ஜனவரியில் தலைப்பு, மார்ச்சில் வெல்டிங், ஏப்ரலில் சோதனை. வெயில் நன்றாக இருக்கும், எண்கள் அழகாக வரும். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப் படகு மீன் மட்டும் வரும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது காயவைக்க மீன் குறைவு. மறுபக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மணலில் ஒன்றும் காயாது. அந்த மாதங்களை எட்டாம் செமஸ்டர் குழு கண்ணாலேயே பார்ப்பதில்லை.

ஆகவே கள வேலையை ஐந்தாம் அல்லது ஆறாம் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு தடைக்காலத்தையும் கருவி இல்லாமலேயே பார்த்துவிட வேண்டும். வடிவமைப்புக்கான வெயில் அளவை மே மாதத்திலிருந்து எடுக்காதீர்கள். மீன் அதிகம் விழும் மாதங்களிலிருந்து எடுங்கள். தமிழகக் கடலோரத்தில் ஆண்டுச் சராசரி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 5.5 கிலோவாட் மணி, அதாவது 18 முதல் 20 மெகாஜூல். கீழே உள்ள கணக்குக்கு 18 எடுத்திருக்கிறோம்.

கேள்வி கேட்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருங்கள்

"உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டால் ரோடு, தண்ணீர், கடன் என்று வரும். மீன் காயவைப்பது அவர்களுக்குப் பிரச்சினையாகவே தோன்றாது. அது அன்றாட வேலை. எனவே ஏலத்தில் மீன் எடுப்பதில் தொடங்கி வியாபாரி எடை போடுவது வரை கூடவே நின்று நேரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்டிப்பாகப் பதிவாக வேண்டியவை:

- மீன் கரையில் இறங்கிய நேரமும் வலையில் விரித்த நேரமும். இடைவெளியில் ஐஸ் போட்டார்களா?
- ஒரு நாளில் எடுக்கும் மீனின் மிகக்குறைந்த அளவு, மிக அதிக அளவு. சராசரி இங்கே உதவாது.
- புரட்டுவது எத்தனை தடவை, காக்கா நாய் ஓட்டுவது யார், அந்த நேரத்தில் வேறு என்ன வேலை கிடக்கிறது.
- காயவைக்கும் மணல் யாருடையது. பெரும்பாலும் புறம்போக்கு. அங்கே கான்கிரீட் போட முடியாது. கழற்றி எடுக்கும்படி இருந்தாக வேண்டும்.
- காற்று. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் எந்த மாதம் எப்படி அடிக்கும் என்று கரையில் இருப்பவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். உலர்த்தியின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.
- விலையை யார் முடிவு செய்கிறார்கள்.

கடைசிக் கேள்வி பலருக்கும் பொறியியலுக்கு வெளியே இருப்பதாகத் தோன்றும். மீன் வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பெண் அவரிடமே கருவாட்டைக் கொடுத்தாக வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. மண் ஒட்டாத சுத்தமான கருவாடு என்பதற்காக ஒரு ரூபாய்கூட ஏறாது. அப்படிப்பட்ட ஊரில் டிரையர் வைத்தால் லாபம் வியாபாரிக்கு, கூடுதல் வேலை பெண்ணுக்கு. இரண்டாம் மாதம் அது விறகு அடுக்கும் இடமாகிவிடும். தரத்துக்கு விலை கொடுக்கும் ஒரு வாங்குபவரையாவது அந்தக் குழு கண்டுபிடித்த பிறகுதான் உலர்த்திக்கான சவுக்குக் கம்பு வெட்ட வேண்டும்.

ரிப்பேர் வரைபடம்

ஊரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள கடைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: சைக்கிள் கடை, எலெக்ட்ரிகல் கடை, மொபைல் சர்வீஸ், உரக்கடை, வெல்டிங் பட்டறை, மரக்கடை, வலைக்கடை. ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன வேலை செய்வார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். உங்கள் பொருள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் இந்தத் தாளில் ஏதோ ஒரு கடையைச் சுட்ட வேண்டும். சுட்டாவிட்டால் ஒன்று அந்தப் பாகத்தை மாற்றுங்கள், இல்லை உபரியாக வாங்கிக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. தெருமுனையில் நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பு 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர் பகுதியில் களச் சோதனை கண்டது. உறுதியான பம்புதான். ஆனால் அடியில் உள்ள வாஷரோ வால்வோ தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். முக்காலி, ஆட்கள், வண்டி எல்லாம் வேண்டும். 1980களில் அதே கோவை வட்டாரத்தில் சோதித்து வந்த மார்க் 3-இல் குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தினார்கள். பிஸ்டனையும் அடி வால்வையும் குழாய் வழியாகவே உருவி எடுக்கலாம். குழாய் கனமாகிறது, விலை கூடுகிறது, ரிப்பேர் ஊருக்குள் வந்துவிடுகிறது. இந்த மாதிரி பேரம்தான் உங்கள் வடிவமைப்பிலும் திரும்பத் திரும்ப வரும்.

புதிதாகச் செய்வதற்கு முன் இருப்பதையும் பாருங்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மின்சாரம், எரிவாயு, விறகு ஆகியவற்றைத் துணையாகக் கொண்ட சூரிய மீன் உலர்த்திகளை உருவாக்கியிருக்கிறது. ஜெர்மனியின் ஹோஹன்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் உருவான சுரங்க வடிவ உலர்த்தி பல வெப்ப நாடுகளுக்குப் போயிருக்கிறது. நாம் கீழே செய்வது அதன் குட்டித் தம்பி: ஒரு முனையில் (உள்வாய்) ஃபேன் தள்ளும் காற்று கறுப்புத் தளத்தில் சூடாகி, மீன் தட்டுகள்மேல் ஓடி, மறுமுனையில் (வெளிவாய்) வெளியேறும். குழு பெரியது, கட்டடம் இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது என்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் கலப்பு உலர்த்தியே நல்லது. அந்த முடிவை எடுத்து எழுதுவதும் நேர்மையான ப்ராஜெக்ட்தான்.

கணக்கு: தண்ணீர், வெப்பம், காற்று

பச்சை நெத்திலியில் ஏறக்குறைய 78 சதவீதம் தண்ணீர். 20 கிலோவில் உலர்ந்த பொருள் 4.4 கிலோ. 15 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் கருவாடு 4.4 ÷ 0.85 = 5.2 கிலோ, ஏறத்தாழ நாலுக்கு ஒன்று. வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 14.8 கிலோ.

ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாஜூல் என்று வைத்தால் மொத்தம் 35.5 மெகாஜூல். இந்த வகை உலர்த்தி விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஆவியாக்கலுக்குத் தரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் முடிக்க: 35.5 ÷ (2 × 18 × 0.20) = 4.9 சதுர மீட்டர். ஆனால் காலைப் பனிமூட்டம், உப்பு படிந்து மங்கும் ஷீட், ஓரங்களின் நிழல் எல்லாம் சேரும். 1.8 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம், 8.64 சதுர மீட்டராகக் கட்டுங்கள்.

இப்போது பலரும் தவறும் இடம்: காற்று. ரிப்போர்ட்டில் 70 டிகிரி என்று காட்ட ஆசைப்பட்டு, வாயை அடைத்து, உள்ளே வெப்பத்தை ஏற்றுவார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் மீன் வேகும். 50 டிகிரியைத் தாண்டினால் தொடக்கத்திலேயே மேல்தோல் இறுகி உள்ஈரம் சிறைப்படும். வெளியே மொறுமொறு, உள்ளே ஈரம், பத்து நாளில் பூஞ்சை. இன்னொரு பக்கம் 35 முதல் 40 டிகிரியில் ஈரமாக மூடிக்கிடக்கும் மீன், பாக்டீரியாவுக்கு மணல்வெளியைவிட வசதியான இடம். மூடிய மோசமான உலர்த்தியைவிடத் திறந்த மணலே மேல்.

எவ்வளவு காற்று? வெளியே 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கிலோவுக்கு ஏற்கெனவே 21 கிராம் நீராவி இருக்கிறது. அதைச் சூடாக்காமல் மீன்மேல் விட்டால் இன்னும் அதிகபட்சம் 2 கிராம்தான் எடுக்கும். 50 டிகிரி வரை சூடாக்கி, மீன்மேல் ஓடி 40 டிகிரியில் வெளியேறினால் 4 கிராம் எடுக்கும். நாளுக்கு 7 மணி நேரம் வீதம் 14 மணி நேரத்தில் 14.8 கிலோ என்றால் மணிக்கு 1.06 கிலோ தண்ணீர். அதற்கு 264 கிலோ காற்று, அதாவது மணிக்குச் சுமார் 240 கன மீட்டர்.

வெப்பம் போதுமா என்று சரிபாருங்கள். முதல் 1.6 மீட்டரைத் தட்டு இல்லாமல் வெறும் கறுப்புத் தளமாக விட்டால் அது 2.88 சதுர மீட்டர் சேகரிப்பான். சதுர மீட்டருக்கு 700 வாட் வெயிலில் பாதி காற்றுக்குப் போனால் 1 கிலோவாட். அது இந்தக் காற்றோட்டத்தை 13 டிகிரி உயர்த்தும்: 32-லிருந்து 45. மீதி தட்டுகள்மேலும் பக்கத் தளத்திலும் விழும் வெயிலிலிருந்து வரும். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. இந்த மூன்று கணக்கையும் போடாமல் தொடங்கிய டிரையரில் ஃபேன் பெயருக்கு ஒன்று மட்டும் இருக்கும்.

120 மில்லிமீட்டர் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் தடையில்லாமல் மணிக்கு 130 கன மீட்டர் அளவுக்குத் தள்ளும். வலை, தட்டு எல்லாம் தடுக்கும் என்பதால் பாதியாகக் கணக்கிடுங்கள். நாலு ஃபேன் வேண்டும்.

பொருட்கள்

- 7 செ.மீ. தடிமன் சவுக்குக் கம்பு: மொத்தம் 38 மீட்டர். கால்கள் 10 (ஒவ்வொன்றும் 1 மீட்டர், 40 செ.மீ. மண்ணுக்குள்), குறுக்குக் கம்பு 5 (1.9 மீட்டர்), நெடுக்குக் கம்பு 3 (4.8 மீட்டர்), மீதி சேதாரத்துக்கு.
- வளைவுக்கு 25 மி.மீ. எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலித்தீன்) குழாய்: 2.75 மீட்டரில் 5 துண்டு.
- தளத்துக்கு மூங்கில் தட்டி, அதன்மேல் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கறுப்புத் தார்ப்பாய் 2.1 × 5 மீட்டர்.
- யூவி தாங்கும் 200 மைக்ரான் பசுமைக்குடில் ஷீட் 6 × 3.5 மீட்டர், எடை சுமார் 4 கிலோ.
- தட்டு 12: ஒவ்வொன்றும் 60 × 100 செ.மீ., வேப்பமர அல்லது மூங்கில் சட்டம், நைலான் வலை.
- 12 வோல்ட் ஃபேன் 4, 40 வாட் பேனல் 1, வோல்டேஜ் இறக்கும் மாடியூல் 1.
- பக்கத் திரை சுருட்ட 20 மி.மீ. குழாய் 4.8 மீட்டரில் 2, கொசுவலை 4 மீட்டர், நைலான் கயிறு, மணல் மூட்டை 10.

ஏன் இரும்பு இல்லை? உப்புக் காற்றில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கூட வெல்டிங் போட்ட இடத்தில் முதலில் துருப்பிடிக்கும். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது. சவுக்கு கடலோரத்தில் வளர்வது, வெட்டி மாற்றத் தெரிந்தவர்கள் உண்டு. தட்டுக்கு ஜிஐ வலையைத் தொடவே வேண்டாம். உப்பும் மீன் நீரும் துத்தநாகத்தைக் கரைக்கும். எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) வலை நல்லதுதான். விலையைப் பார்த்தால் நைலானை அவ்வப்போது மாற்றுவது சுலபம், வலை பின்னத் தெரியாத வீடு அங்கே கிடையாது.

வளைவுக்குச் சாதாரண பிவிசி குழாய் மலிவு என்று தோன்றும். ஆனால் வெயிலில் சூடேறும் பிவிசி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பாலித்தீன் ஷீட் சீக்கிரம் நொறுங்கும். எச்டிபிஇ குழாயிலும் ஷீட் படும் மேல்பக்கத்தில் வெள்ளைத் துணிப் பட்டை சுற்றுங்கள். ஷீட் எப்போதும் முதலில் கிழிவது அங்கேதான்.

தளத்துக்கு அடியில் வைக்கோல் போட்டு வெப்பத்தைக் காக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். மீன் வாசத்துக்கு அடியில் வைக்கோல் என்றால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கொஞ்சம் வெப்பம் போனால் போகட்டும்.

கட்டும் வரிசை

1. இடம்: காலை 8 முதல் மாலை 4 வரை நிழல் விழாத இடம், அலை ஏறும் கோட்டுக்கு மேலே. வாய் கடற்காற்றைப் பார்க்கட்டும். ஆனால் நேரடிச் சாரல் படும் தூரத்தில் வேண்டாம்.

2. 1.2 மீட்டருக்கு ஒரு ஜோடி வீதம் 10 கால்களை நடுங்கள். மேடை 60 செ.மீ. உயரம். குனிந்தே வேலை செய்யும் உடம்புக்கு இந்த உயரம் பெரிய உதவி. நாயும் மணலும் எட்டாது. உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது தட்டு இழுக்கப்போகும் பெண்கள். கம்பு வெட்டும் முன் ஒரு பெஞ்சில் தட்டை வைத்து இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

3. தளத்தை வெளிவாய்ப் பக்கம் 5 செ.மீ. சரியும்படி அமையுங்கள். வடியும் மீன் நீரும் கழுவும் தண்ணீரும் தானாக ஓட வேண்டும். இதைத் தவறவிட்டால் மூன்றாம் நாள் நாற்றத்தில் யாரும் கிட்டே போகமாட்டார்கள்.

4. ஐந்து வளைவுகள், நடு உயரம் 70 செ.மீ. இந்த வளைவில் 40 செ.மீ. உயரத்தில் அகலம் 1.37 மீட்டர்தான். கீழ் அடுக்கு 10 செ.மீ., மேல் அடுக்கு 35 செ.மீ. உயரத்தில் வரும், அதனால்தான் தட்டு 60 செ.மீ. அகலம், இரண்டு வரிசைக்கு 1.2 மீட்டர். 75 செ.மீ. தட்டு செய்துவிட்டு மேல் அடுக்கு ஷீட்டில் இடிப்பது அடிக்கடி நடக்கும். அட்டையில் முழு அளவு வெட்டிப் பாருங்கள்.

5. ஷீட்டை உச்சியில் மட்டும் நிலையாகக் கட்டி, இரு பக்க ஓரங்களைக் குழாயில் சுற்றுங்கள். சுருட்டி உயர்த்தினால் இரு பக்கமும் கதவு. உள்ளே யாரும் நுழைய வேண்டாம். கை நீட்டினால் தட்டு வரும்.

6. ஃபேன்கள் உள்வாயில். வெளிவாயில் வைத்து இழுத்தால் சூடான, ஈரமான, உப்பும் எண்ணெயும் கலந்த காற்று மோட்டாருக்குள் ஓடும். ஓட்டைகள் வழியாகத் தூசியும் ஈயும் உள்ளே இழுபடும். உள்வாயிலிருந்து தள்ளினால் ஒவ்வொரு இடுக்கிலும் காற்று வெளியே வரும், ஈ உள்ளே போகாது.

7. இரண்டு வாயிலும் கொசுவலை. ஃபேனை ஒட்டி வலை கட்டினால் காற்று பாதியாகிவிடும். ஃபேனுக்கு முன்னால் ஒரு பெட்டி போல வைத்து, ஃபேன்களின் பரப்பைவிட மூன்று மடங்கு பரப்பில் வலை கட்டுங்கள்.

8. பேனல் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு. பேட்டரி வேண்டாம். வெயில் ஏறினால் ஃபேன் தன் முழு வேகம் வரை வேகமெடுக்கும், மேகம் வந்தால் மெதுவாகும். கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமலே காற்றும் வெப்பமும் சேர்ந்து ஏறி இறங்கும். பேட்டரி வைத்தால் முதலில் சாவது அதுதான், இல்லை அது வீட்டு டிவிக்குப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. '12 வோல்ட்' பேனல் உச்ச வெயிலில் 17, 18 வோல்ட் தரும். சுமை குறைந்தால் 21 வரை போகும். ஃபேனை நேரடியாக மாட்டினால் சில வாரத்தில் எரியும். வோல்டேஜ் இறக்கும் எல்எம்2596 வகை மாடியூலை 12 வோல்ட்டில் வைத்து இடையில் போடுங்கள். நாலு ஃபேனுக்கும் சேர்த்து ஏறக்குறைய 15 வாட்தான். 40 வாட் பேனல், காலை 9 மணி வெயிலிலும் ஃபேன் சுற்றுவதற்காக. மாடியூலின் திருகைச் சரிசெய்த பிறகு சர்க்யூட்டின் இருபுறமும் நகப்பூச்சு தடவி, மூடிய டப்பாவில் வையுங்கள். உப்பு ஈரம் செம்புக் கோடுகளைத் தின்பதை இது தள்ளிப்போடும்.

இயக்கும் முறை

மீன் ஏறுவதற்கு முன்பே பாதித் தரம் முடிவாகிவிடுகிறது. நெத்திலி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் சேரும். பிறகு எவ்வளவு காயவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற பாதிப்பு வரலாம். கரையிலிருந்து தட்டு வரை ஐஸ், நிழல், மூடிய கூடை. ஈ முட்டையிட்ட மீனைச் சுத்தமான டிரையரில் ஏற்றினால் டிரையருக்குள்தான் புழு வரும். குடிக்கத் தகுந்த தண்ணீரில் கழுவி, வடியவிட்டு, தட்டுக்கு 1.6 முதல் 1.7 கிலோ, ஒற்றை அடுக்காக.

காலை 9 மணிக்குள் ஏற்றுங்கள். நண்பகலில் மேல், கீழ் அடுக்குகளை மாற்ற வேண்டும். கீழ்த்தட்டு நிழலில் இருக்கிறது. கூடவே வாய்ப் பக்கத் தட்டுகளைக் கடைசிக்கும் கடைசித் தட்டுகளை முன்னுக்கும் கொண்டுவாருங்கள். ஃபேன் பக்கம் முதலில் காய்வது இயல்பு, கோளாறில்லை.

காலையில் ஷீட்டின் உட்பக்கம் நீர்த்துளி கோத்து மீன்மேல் சொட்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பக்கத் திரையை ஒரு சாண் உயர்த்தி அரை மணி நேரம் விடுங்கள். தினமும் சொட்டினால் வலையில் செதிலும் தூசியும் அடைத்திருக்கும், துலக்குங்கள்.

மாலை 4.30-க்கு மேல் தட்டுகளைக் கொட்டகைக்குள் எடுத்து, இடைவெளி விட்டு அடுக்கி வலையால் மூடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த மீனைக் குவிக்கக் கூடாது. டிரையரிலேயே விட்டால் பகலில் நீக்கிய ஈரம் இரவுப் பனியில் திரும்ப ஏறும்.

காய்ந்ததா? தராசு சொல்லட்டும்

ஒடித்துப் பார்த்தும் நகத்தால் அழுத்தியும் சொல்லும் அனுபவம் அந்தப் பெண்களிடம் உண்டு. அதை மாற்ற வேண்டாம், கூட ஒரு தராசை வையுங்கள். 1,670 கிராம் மீன் ஏற்றிய தட்டில் உலர்ந்த பொருள் 367 கிராம். 15 சதவீத ஈரத்துக்கு 432 கிராமில் நிறுத்த வேண்டும். தட்டின் எடையைச் சட்டத்திலேயே பெயின்ட்டில் எழுதிவிட்டால் கழிப்பது சுலபம். முதல் நாள் மாலை 900 கிராமுக்குக் கீழே வராத தட்டு ஆபத்தில் இருக்கிறது. காற்றோட்டத்தைப் பாருங்கள், அடுத்த தடவை ஏற்றும் அளவைக் குறையுங்கள்.

78 என்ற எண்ணை நம்பி உட்காராமல் உங்கள் ஊர் மீனில் மூன்று மாதிரி எடுத்து, கல்லூரி ஆய்வகத்தில் 105 டிகிரி ஆய்வக அடுப்பில் (oven) எடை மாறாமல் நிற்கும் வரை வைத்துப் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் அது மாறும்.

சோதனை நாளில் அதே மீனை அதே எடையில் பக்கத்து மணலிலும் காயவைக்க வேண்டும். ஒப்பீடு இல்லாத உலர்த்தி ரிப்போர்ட் வெறும் வெயில் ரிப்போர்ட். மூன்று தட்டுகளை (வாய், நடு, கடைசி) மணிக்கொரு முறை எடை போடுங்கள். வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 சென்சார் நான்கு போதும். ஈரப்பத சென்சார்கள் உப்புக் காற்றில் சீக்கிரம் பிசகும். சோதனைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்காத எண்ணைப் பதியாதீர்கள். வெயிலை அளக்க விலையுயர்ந்த கருவி இல்லையா? சின்ன பேனல் ஒன்றின் ஷார்ட் சர்க்யூட் கரண்டை மல்டிமீட்டரில் எடுங்கள். அது வெயிலுக்கு நேர் விகிதத்தில் ஏறும். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் (Isc) சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயிலுக்கானது.

காசு

மாதிரிக் கணக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது, சுத்தமான கருவாட்டுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் கூடுதல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏற்றத்துக்கு 5 கிலோ, 150 ரூபாய். ஆண்டுக்கு 100 ஏற்றம் நடந்தால் 15,000. ஷீட், வலை, ஃபேன் மாற்ற ஆண்டுக்கு 3,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 12,000. ஒன்றரை ஆண்டில் முதல் திரும்பும். 100 ஏற்றம் 50 ஆனால் 4,500 மிஞ்சும், நாலு ஆண்டு. அதற்குள் முதல் ஷீட் முடிந்திருக்கும். ஏற்றங்களின் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் சொன்ன நாள்காட்டியை வைத்து அதை நேர்மையாக எண்ணுங்கள். தடைக்காலத்தில் மாங்காய் வற்றலோ மிளகாயோ ஏற்றலாம். அதற்கு வேறு தட்டு; மீன் தட்டின் வாசம் எதிலும் ஏறும்.

முதல் செலவுக்கு, கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் உதவியும் உண்டு. முழுவதையும் இலவசமாகக் கொடுப்பதைவிட, சவுக்கையும் தட்டையும் குழு போட, மீதியை நீங்கள் போடுவது நல்லது. தன் காசு போட்ட தட்டு மழையில் நனையாது.

ஒப்படைப்பும் கழற்றலும்

ஒப்படைக்கும்போது ஒரு பெட்டி: உபரி ஃபேன் 1, முன்பே 12 வோல்ட்டில் வைத்த மாடியூல் 1, ஷீட் 2 மீட்டர், பசுமைக்குடில் ஒட்டுப் பட்டை, வலை 3 மீட்டர். ஃபேன் வயரின் முனைகளை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். திருகி மாட்டும் கனெக்டர் போட்டு, இரண்டு பேரைக் கழற்றி மாட்டவைத்துப் பாருங்கள். நீங்கள் பேசாமல் நிற்க, அவர்களாக ஒரு ஃபேனை மாற்ற முடிந்தால்தான் பயிற்சி முடிந்தது.

குழுவில் ஒருவர் பெயரில் பொறுப்பு, ஏற்றத்துக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் காசு, ஒரு நோட்டு: தேதி, ஏற்றிய எடை, இறக்கிய எடை, விற்ற விலை. அந்த நோட்டைப் பார்க்க 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் யாராவது போக வேண்டும். நீங்கள் முடித்துப் போயிருப்பீர்கள்; எனவே மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தொடக்கத்திலேயே குழுவில் சேர்த்துவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றும் வரிசையைப் படமாக வரைந்து கொட்டகையில் ஒட்டுங்கள்: முதலில் பேனல், பிறகு ஃபேன் பெட்டி, தட்டுகள், கடைசியில் ஷீட். ஷீட்டைச் சுருட்டி எடுத்துவிட்டால் சவுக்கும் வளைவும் காற்றுக்குத் தப்பிக்கும். ஷீட்டோடு விட்டால் அது பாயாக மாறி மேடையையே தூக்கிவிடும். இரண்டு பேர் அரை மணி நேரத்தில் முடிக்கும்படி முடிச்சுகள் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில், வானம் தெளிவாக இருக்கும்போதே, ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.